நீலக் கேற்றடி

ராத்தா என்று நான் கூப்பிடும் என் அக்கா அமெரிக்காவின் நடுப்பகுதியில், ஆற்றங்கரையில் உள்ள ஒரு பழைய நகரத்தில் இருக்கிறார். அவருடைய மகளின் கலியாணத்துக்கு நான் போயிருந்தபோது, அங்குள்ள பழைய கட்டடங்களையெல்லாம் எனக்குக் காட்டியே தீருவதென்று கிளம்பிவிட்டார். மணிக்கூட்டுக் கோபுரம் வைத்த நீதிமன்றம், ரயிலே வராத ரயில் நிலையம், ஹோட்டலாகிவிட்ட மாவு ஆலை. ஒவ்வொன்றின் சுவரிலும் ஒரு செப்புத் தகடு. யார் கட்டியது, எப்போது கட்டியது என்று அதில் எழுதியிருக்கும். ஒன்றையும் விடாமல் வாசித்துக் காட்டினார். பாடசாலையில் இப்படி வாசித்திருந்தால் வாப்பாவுக்குப் பாதிக் கவலை குறைந்திருக்கும்.

"இப்படி ஒண்டு உங்கட ஊருல இரிக்கா?" என்று கேட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. சாய்ந்தமருதில் பிறந்து வளர்ந்தவர் அவர். எங்கள் பக்கத்தில் கலியாணத்துக்கு வீடு கொடுப்பது பெண்பிள்ளைக்குத்தான். வாப்பா அவருக்கென்று கடற்கரையோரம் ஒரு வீடு கட்டினார். வாசல் கேற்றுக்கு நீலம்தான் பூச வேண்டும் என்று ராத்தா ஒற்றைக்காலில் நின்றார். தோணிக்குப் பூசும் பெயின்ற், கண்ணைக் குத்தும் நீலம். பிறகு மச்சானோடு அமெரிக்கா போய்விட்டார். பூட்டிக் கிடந்த வீட்டைச் சுனாமி கேற்றோடு கொண்டுபோனது. அதன்பின் கொழும்பு வரைக்கும் வருவார், ஊருக்கு வரமாட்டார்.

"அங்க என்ட எண்டு என்னரிக்கி, தம்பி?" என்பார்.

அந்த நியாயம் எனக்குப் பிடிக்கவேயில்லை. தொலைபேசியில் சண்டை பிடித்தே போன மாதம் அவரை வரவைத்தேன்.

கல்முனையில் பஸ்ஸால் இறங்கியவரை ஓட்டோவில் ஏற்றினேன். வழியெல்லாம் புதுக் கடைகள். பள்ளிவாசலைக்கூட இடித்துப் பெரிதாகக் கட்டியிருக்கிறோம். நாங்கள் எதைத்தான் பழசாக விட்டுவைத்தோம்? ராத்தா வெளியே பார்த்தபடியே வந்தார். கூட்டிவந்தது பிழையோ என்று எனக்குப் பயம் வந்துவிட்டது.

ஓட்டோக்காரருக்கு இருபது வயதுதான் இருக்கும். "எவடத்த இறக்க?" என்று கேட்டார்.

நான் இப்போது குடியிருப்பது ராத்தாவின் வீடு இருந்த அதே குறுகிய ஒழுங்கையில், சற்று உள்ளே. "கடற்கரைக்குப் போற நாலாவது ஒழுங்கை" என்றேன்.

"ஆ, நீலக் கேற்றடியா?"

"ஓம்" என்றேன்.

ராத்தா நிமிர்ந்து உட்கார்ந்தார். "நீலக் கேற் எங்கரிக்கி, மகன்?"

"கேற் இல்ல மாமி. அந்தக் காலத்துல இருந்திச்சாம். நான் கண்டதில்ல. எல்லாரும் அப்படித்தான் சொல்ற."

மீன் வண்டி நிற்பது நீலக் கேற்றடியில்தான்; கலியாண வீட்டுக்கு வழி சொல்வதும் எங்களுக்கு இன்றைக்கும் அதை வைத்துத்தான். தினமும் சொல்லிச் சொல்லி, அது ராத்தாவின் கேற் என்பதையே நான் மறந்துபோயிருந்தேன். அத்தனை சண்டையிலும் இதைச் சொல்லத் தோன்றவில்லை, மடையன் நான்.

நீலக் கேற்றடி வந்ததும் ராத்தா அங்கேயே இறங்கினார். இரண்டு தென்னையும் யாரோ காயப்போட்ட வலையும்தான் இருந்தன. கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓட்டோக்காரரிடம் திரும்பினார்.

"அந்தக் கேற் என்ட, மகன். நான்தான் நீலம் அடிக்கச் சொன்ன."

அவர் ராத்தாவை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு மரியாதையாக இறங்கி, சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார்.

"மாமி, ஒரு படம் எடுக்கட்டா?"

ராத்தா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, கேற் இருந்த இடமாகப் பார்த்து அதன் முன்னால் நின்றார். என்னைத் தள்ளி நிற்கச் சொன்னார். நான் கேற்றை மறைக்கிறேனாம்.