பச்சை வெளிச்சத்தில் ஒரு படைப்புப் பெட்டி

"சார் குடுத்த தாள்லயே தப்பு இருக்கு" என்று மெய்யம்மை மைக்கில் சொன்னபோது, முன் வரிசையில் ஒரு டி.வி. தொடரின் இயக்குநரும் அவருக்குப் பக்கத்தில் நானும் உட்கார்ந்திருந்தோம். அந்த 'சார்' நான்தான்.

காரைக்குடிக் கல்லூரி ஒன்றில் விஷுவல் கம்யூனிகேஷன் நடத்திவிட்டுப் போன வருஷம் ஓய்வு பெற்றவன் நான். இந்தத் தொழிலுக்கு வரப்போகிற பிள்ளைகள் என் அசட்டுத்தனத்தையும் கொஞ்சம் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. ஐந்து கட்டம்

ஒரு காட்சி நம்மை எப்படிப் பயமுறுத்துகிறது, அதில் யாரை எப்படிக் காட்டுகிறார்கள் என்று பிரித்துப் பார்ப்பதுதான் பாடம். அதற்கென்று ஒரு தாள் தயாரித்து வைத்திருந்தேன். கேமரா, லைட்டிங், சவுண்ட், காஸ்ட்யூம், எடிட்டிங் என்று ஐந்து கட்டம். எந்தத் தொடரைக் கொடுத்தாலும் அதில் அடங்கிவிடும். அந்தத் தாளின் மேல் எனக்குக் கொஞ்சம் கர்வம். கொஞ்சம் என்ன, நிறையவே.

அப்போது பக்கத்தில் நெற்குப்பை என்கிற ஊரில் ஒரு பெரிய வீட்டை வாடகைக்கு எடுத்து மாயாஜாலத் தொடர் ஒன்றைப் படம்பிடித்துக்கொண்டிருந்தார்கள். அதையே வகுப்பில் அலசினோம். இயக்குநர் சென்னைக்காரர். பிள்ளைகள் பேசுவதைக் கேட்க வருகிறேன், ஒருவரை கன்டினியூட்டி அசிஸ்டென்ட்டாக எடுத்துக்கொள்கிறேன் என்றார். போன ஷாட்டில் இடது கையில் இருந்த வளையல் அடுத்த ஷாட்டிலும் இடது கையில் இருக்கிறதா என்று பார்க்கிற வேலை.

எல்லாருக்கும் அந்த வேலை மேல் ஆசை. மெய்யம்மைக்கு அவசரம்.

"படிப்பு முடியிறதுக்குள்ள இந்த லைன்ல வேலை கிடைக்கலைன்னா, செக்காலைக் கடையில வந்து உக்காருன்னு அப்பச்சி சொல்லிட்டாக சார்" என்றாள். அப்பச்சி அவள் தகப்பனார், காரைக்குடிச் செக்காலைப் பகுதியில் ஹார்டுவேர் கடை வைத்திருந்தார். ஆணியும் பெயின்ட்டும் விற்க அவளுக்குத் துளியும் இஷ்டமில்லை.

2. பத்துக்கு இரண்டு

நான் கொடுத்த காட்சி இது. மந்திரக்காரி ஒருத்தி பூட்டிய அறையில் ஓர் ஓலைப்பெட்டியைத் திறக்கிறாள். உள்ளிருந்து பழைய புடவையை எடுத்ததும் அவள் கண் பச்சையாகிறது. பச்சை லைட், தரையோடு கேமரா, காது கிழிய உடுக்கைச் சத்தம்.

வகுப்பே ஒரே குரலில் 'பெட்டி தீய சக்தியின் அடையாளம்' என்று எழுதியது. எட்டும் ஒன்பதுமாக வாரி வழங்கினேன். மெய்யம்மை மட்டும் 'இது படைப்புப் பெட்டி. இதைப் பார்த்தால் எனக்குப் பயம் வரவில்லை, பசிதான் வருகிறது' என்று எழுதியிருந்தாள். இரண்டு மார்க் போட்டு, 'கட்டத்துக்குள் எழுதவும்' என்று சிவப்பு மையில் குறித்தேன். பிறகு கூப்பிட்டுக் கேட்டேன்.

"எங்க வீடுகள்ல முன்னோருக்குப் படைக்கிறப்ப, அவுகளுக்குன்னு சேலையும் வேட்டியும் வைக்கிற பெட்டி சார். அன்னைக்கு பங்காளியெல்லாம் கூடிருவாக. வீடே சாப்பாட்டு வாசனையா இருக்கும்."

"அதெல்லாம் சரிம்மா. அவரு சீரியலை அவருகிட்டயே குறை சொன்னா வேலை குடுப்பாரா? பெட்டியை விட்டுரு. லைட்டிங் மட்டும் பேசு."

"சரிங்க சார்" என்றாள். அத்தனை சுலபமாகத் தலையாட்டியபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

3. சத்தம் மாறியது

இயக்குநர் வந்த அன்று மேடையேறியவள், தாளில் தப்பு என்று சொன்ன கையோடு காட்சியைத் திரையில் ஓடவிட்டாள். உடுக்கைச் சத்தத்தை நிறுத்திவிட்டுத் தன் போனை மைக்கில் வைத்தாள்.

"எங்க வீட்டுப் படைப்புல எடுத்தது. படம் எடுக்கக் கூடாதுன்னுட்டாக. அதனால சத்தம் மட்டும்."

திரையில் மந்திரக்காரி பெட்டியை நோக்கி ஊர்ந்து வந்தாள். போனில் பெண்கள் பேசினார்கள்: "இங்குட்டு நகரு, ஆச்சி வாராக." "மடிப்பு கலையாம வையி." "ஏன்டி, பாயசத்துல ஏலக்காய் போட்டியா?" மந்திரக்காரி பச்சைக் கண்ணை உருட்டிய நேரம் பார்த்து ஒரு சின்னக் குழந்தை வீறிட்டது. கூடமே சிரித்து உருண்டது. இயக்குநர் சிரிக்கவில்லை.

"சார் தாள்ல லைட்டுக்குக் கட்டம் இருக்கு, சத்தத்துக்கு இருக்கு. இது யாரு வீட்டுப் பெட்டின்னு கேக்குறதுக்கு ஒரு கட்டம் இல்ல" என்று முடித்தாள்.

இயக்குநர் என் பக்கம் திரும்பினார். "ஆர்ட் டைரக்டர் இதைப் பழைய சாமான் கடையில வாங்கினாரு. என்ன பெட்டின்னு நாங்க கேக்கல. நீங்க இந்தப் பக்கம்தானே சார், உங்களுக்குமா தெரியல?"

நான் பக்கத்து ஒக்கூரில் பிறந்தவன். மெய்யம்மை ஆட்களின் வீட்டுக் கல்யாணங்களில் முதல் பந்தியில் உட்கார்ந்து வெட்டியிருக்கிறேன். உள்ளறைக்குள் போனதில்லை, அங்கே என்ன இருக்கிறது என்று கேட்டதும் இல்லை. தெரியாததுகூடப் பெரிதில்லை. தெரிந்த பிள்ளைக்கு இரண்டு மார்க் போட்டேனே, அதுதான் பெரிது. "தெரியாது" என்றேன்.

அவர் மேடையைப் பார்த்தார். "அடுத்த வாரம் இந்தப் பெட்டியை எரிக்கிற சீன் இருக்கேம்மா."

"எரிக்காதீக சார். எரிச்சா எங்க ஆளுக ஒங்க மந்திரக்காரியைப் பாத்துப் பயப்பட மாட்டாக. ஒங்களைப் பாத்துத்தான் பயப்படுவாக."

வேலை போச்சு என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். "திங்கக்கிழமை ஸ்பாட்டுக்கு வந்துடு. பெட்டி எரியாது."

ஆனாலும் ஏதாவது ஒன்று எரிந்தாக வேண்டும் அல்லவா? அதற்காக மந்திரக்காரிக்கென்றே கறுப்புப் பெட்டி ஒன்று புதிதாகச் செய்தார்கள். பிளைவுட்டும் பெயின்ட்டும் ஆணியும் செக்காலைக் கடையிலிருந்து போயின. அப்பச்சிக்கு அன்று முதல் இந்த லைன் மேல் தனி மரியாதை. ஓலைப்பெட்டியை மெய்யம்மை கேட்டு வாங்கி, படைப்புக்கு ஆகும் என்று, படப்பிடிப்பு நடந்த நெற்குப்பை வீட்டுக்கார ஆச்சியிடம் கொடுத்துவிட்டாள்.

இரண்டை ஒன்பதாக்கிக் கொடுத்தேன்.

"ஏன் சார், பத்து இல்லையா?"

"கட்டத்துக்கு வெளியில எழுதிட்டியேம்மா."

சிரித்துக்கொண்டே போய்விட்டாள். மறுநாள் தாளில் ஆறாவது கட்டம் போட்டேன்: 'இது யாருடையது? அவர்களிடம் கேட்டாயா?' நான் ஓய்வு பெறும்வரை பிள்ளைகள் மற்ற ஐந்தையும் மளமளவென்று நிரப்பிவிட்டு, அந்த ஒன்றுக்கு மட்டும் வகுப்பை விட்டு எழுந்து வெளியே போய்க் கேட்டு வந்தார்கள்.