சீனி இல்லாத சீனியவரை

என் மகளுக்கு மூன்று வயது. தட்டில் பச்சையாக எது விழுந்தாலும், கறிவேப்பிலை உட்பட, பொறுக்கி என் தட்டில் போட்டுவிடுவாள். காய் தின்னாத பிள்ளை என்ன ஆகும் என்று போனில் வாசித்தே நான் தூக்கத்தைத் தொலைத்தேன். தானே தண்ணீர் ஊற்றி வளர்த்த காயைப் பிள்ளைகள் தின்னும் என்றும் அதே போன்தான் சொன்னது. உடனே வீட்டுக்குப் பின்னால் அவரை, தட்டாங்காய் என்கிற காராமணி, சீனியவரை மூன்றையும் விதைத்தேன். மறுநாளே ஒரு விதையைத் தோண்டிப் பார்த்தேன், முளைக்கிறதா என்று. அதற்கடுத்த நாளும் பார்த்தேன். அது முளைக்கவில்லை.

முளைத்த அவரை சுவரேறி, பக்கத்து வீட்டு அக்காவின் துணிக்கொடி வரை போனது. பூ மட்டும் வரவில்லை.

"ஏளா, பங்குனியிலயா அவரை போடுவாவ? ஆடியில லா போடணும். நீ எந்த காலேஜ்ல படிச்ச?" என்றாள் அக்கா, தன் நைட்டியிலிருந்து கொடியைப் பிரித்தபடி.

எங்கள் போர்வெல் உப்புத்தண்ணீருக்கும் அசராமல் காய்த்தவை மற்ற இரண்டும்தான். மகளையே ஊற்றவைத்தேன். ஒருநாள் செடியைக் காட்டிப் பேர் கேட்டாள். கொத்தவரங்காய்க்கு எங்கள் பக்கம் சீனியவரை என்றுதான் பேர். சொன்னேன்.

"உள்ள சீனி இருக்குமா?"

இல்லை என்றிருக்கலாம். "காய்க்கட்டும், பாப்போம்" என்றேன். அன்றிலிருந்து அந்தச் செடிக்கு மட்டும் இரண்டு குவளை ஊற்றினாள்.

பறித்த அன்று பச்சையாகவே கடித்தாள். கசப்பு. துப்பினாள். "சீனி எங்க?"

ஒரு கையால் அவள் வாயைத் துடைத்துக்கொண்டே, பச்சைக் கொத்தவரை குழந்தைக்கு ஆகுமா என்று மறுகையால் போனில் தேடினேன். ஹார்பரில் ஷிப்ட் முடிந்து வந்த கணவர் எட்டிப் பார்த்தார்.

"பிள்ளைக்கு ஒண்ணுமில்ல. உன்னயத்தான் டாக்டர்ட்ட காட்டணும்."

நான் தலைநிமிர்ந்தபோது, அவள் தட்டாங்காய்ப் பிஞ்சு ஒன்றை மென்றுகொண்டிருந்தாள். துப்பவில்லை. "இதுலதாம்மா சீனி இருக்கு" என்று இன்னொன்றையும் பறித்தாள். பிறந்ததிலிருந்து அவளாகத் தின்ற முதல் காய்.

வேறு எந்த அம்மாவும் வாயை மூடிக்கொண்டிருப்பாள். எனக்கோ, பிள்ளை மனதில் தப்பான பேர் பதிந்துவிடுமே என்ற கவலை.

"அது சீனியவரை இல்ல தங்கம். தட்டாங்காய்."

மெல்லுவதை நிறுத்தினாள். "அப்ப இது காயா?"

கணவர் என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது. மகள் மிச்சத்தை என் உள்ளங்கையில் வைத்துவிட்டுப் போனாள். தின்று பார்த்தேன். இனிப்பாகத்தான் இருந்தது.