இங்கு பேசக் கூடாதவை

‘அரசியல் பேசாதீர்’ என்று டீக்கடையில் பலகை மாட்டுவது அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் வழக்கம். அதை யாரும் உத்தரவாக எடுத்துக்கொண்டதில்லை, மாட்டிய கடைக்காரர் உட்பட. பலகைக்கு நேர் கீழே உட்கார்ந்துதான் ஆட்சியை மாற்றுவார்கள். எங்கள் கடைப் பலகையின் கதை மட்டும் வேறு. அதை எழுதியவன் நான்.

தொண்ணூறுகளில் ஒரு தேர்தல் கோடை. கோட்டையூர் பஸ் ஸ்டாப் பக்கத்தில் அப்பா டீக்கடை வைத்திருந்தார். அம்மாவின் தம்பியான மாமாவும் அப்பாவின் அண்ணனான பெரியப்பாவும் அங்கே தினசரி விருந்தாளிகள், ஆளுக்கொரு கட்சி. ஒருநாள் காலை பேச்சு முற்றி, பெரியப்பா எழுந்த வேகத்தில் பெஞ்சு சாய்ந்து பால் சட்டி கவிழ்ந்தது. இனி இந்தக் கடைப் பக்கமே வருவதில்லை என்று சொல்லிவிட்டு இருவரும் எதிரெதிர்த் திசையில் நடந்தார்கள்.

காரைக்குடியில் பலகை விற்கிறதே, ஒன்று வாங்கி மாட்டுங்கள் என்றாள் அம்மா.

“எழுதப் படிக்கத் தெரிஞ்ச பிள்ளய வீட்டுல வச்சுக்கிட்டு வெளிய போயி வாங்குவாகளா?” என்றார் அப்பா.

அந்தப் பிள்ளை நான். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள். ஆறாம் வகுப்பு முடித்திருந்தேன். தேயிலைப் பெட்டியின் மூடி கிடைத்தது, ஜன்னலுக்கு அடித்து மிஞ்சிய நீலப் பெயின்ட் இருந்தது. அரசியலை மட்டும் தடுத்தால் போதுமா என்று யோசித்தேன். எதை எதைப் பேசும்போதெல்லாம் கடையில் குரல் உயர்ந்ததோ அத்தனையையும் சேர்த்தேன். ‘அரசியல், பைனான்ஸ் வட்டி, பெண்பிள்ளைகள் படிப்பு, வெளிநாட்டு வேலை, கேபிள் டிவி பற்றி இங்கு பேசக் கூடாது.’ அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஈரப் பெயின்டில் படாமல் எழுத்துகளின் மேலே விரலை ஓட்டிப் பார்த்து, கோடு போட்டது மாதிரி இருக்கு என்றார்.

பள்ளி விடுமுறை என்பதால் பலகையை அமல்படுத்தும் பொறுப்பையும் நானே எடுத்துக்கொண்டேன். ரேஷனில் சீனி போடவில்லை என்று ஒருவர் ஆரம்பித்தார். அது அரசியல் என்றேன். குழாயில் தண்ணீர் வரவில்லை என்றார் இன்னொருவர். யோசித்துப் பார்த்தால் அதுவும் அரசியல்தான். துணிக்கடை பாய், சவூதியிலிருந்து மகன் போன் பண்ணினான் என்று வாயெடுத்ததும் பலகையைக் காட்டினேன். அவர் கோபப்படவில்லை.

“வெயிலப் பத்திப் பேசலாமா தம்பி?”

“பேசலாங்க.”

“வெயிலு அடிக்குது” என்றார். டீயைக் குடித்துவிட்டு எழுந்து போனார். மறுநாள் அவரைச் சாலைக்கு அங்குட்டு இருந்த டீக்கடையில் பார்த்தேன். இரண்டு கைகளையும் ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தார்.

எங்கள் கடை நூலகம் மாதிரி அமைதியாகிவிட்டது. அப்பா பளபளவென்று இருந்த பாய்லரையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார். வீட்டிலும் நல்ல காலம் பிறந்துவிட்டது. அதுவரை விருந்தாளி வந்தால் மட்டும் கண்ணில் படுகிற கெட்டித் தயிர், இப்போது தினமும் இரண்டு வேளை. நாங்கள் வசதியாகிவிட்டோம் என்று பக்கத்து வீட்டுப் பையனிடம் சொல்லியும் வைத்தேன். அம்மா மட்டும் தயிரை ஊற்றும்போது அப்பாவின் முகத்தையே பார்ப்பாள்.

“அந்தப் பலகையக் கழட்டி வச்சாத்தான் என்ன?” என்றாள் ஒருநாள்.

அப்பா சோற்றைக் கையால் அளைந்துகொண்டிருந்தார். “நம்ம வம்சத்துல செவத்துல தொங்குற மொத எழுத்து அது. யாவாரம் போனாப் போகட்டும். கழட்டச் சொல்லாத.”

மறுநாள் மத்தியானம் அம்மா தூக்குவாளி நிறையத் தயிரை எடுத்துக்கொண்டு மாமா வீட்டுக்குப் போனாள். அங்கிருந்து பெரியப்பா வீட்டுக்கும் போய்விட்டு வெறும் வாளியோடு திரும்பினாள். என் தயிர் இப்படிப் போகிறதே என்று இருந்தது எனக்கு.

அடுத்த நாள் காலை மாமாவும் பெரியப்பாவும் ஒரே திசையிலிருந்து சேர்ந்து வந்தார்கள். அதே பெஞ்சில், பலகைக்கு நேர் கீழே உட்கார்ந்தார்கள்.

“ஏன் அத்தான், ஒங்க கட்சி இந்தத் தடவ டெபாசிட்டாச்சும் வாங்குமா?” மாமா கேட்டது சாலைக்கு அங்குட்டும் கேட்டது.

“ஒங்க ஆளு நேத்து நேமத்தான்பட்டியில நின்னுக்கிட்டு கோட்டையூர் மக்களேங்குறாரு. மொதல்ல அவருக்கு ஊரக் காட்டிவிடுங்க மாப்ளே” என்றார் பெரியப்பா, அதைவிடச் சத்தமாக.

எதிர்க்கடையில் பேச்சு நின்றது. முதலில் பாய் வந்தார், அந்தக் கடைக் கிளாஸைக் கையில் பிடித்தபடியே. அவர் பின்னால் மற்றவர்களும் வந்தார்கள். வட்டி, சவூதி, கேபிள் டிவி என்று நான் எழுதியவற்றில் ஒன்றைக்கூட அவர்கள் மிச்சம் வைக்கவில்லை. நான் அப்பாவிடம் ஓடினேன்.

“அப்பா, பலகையப் பாக்கச் சொல்லுங்க.”

அப்பா கையை உயர்த்தி டீ ஆற்றிக்கொண்டிருந்தார். “பாத்துட்டுத்தானப்பா வந்திருக்காக. ஒன் எழுத்து அம்புட்டு நல்லாருக்காம்.”

பாராட்டு சரி. ஆனால் தடையை மீறியவர்களுக்குச் சிரித்துக்கொண்டே டீ கொடுக்கும் அப்பாவை என்னால் மன்னிக்க முடியவில்லை. இரவு தட்டில் வெறும் ரசம்தான் விழுந்தது. தயிர் எங்கே என்று கேட்டேன். கடையிலேயே பால் முழுக்கத் தீர்ந்துவிட்டதாம்.

மாமாவும் பெரியப்பாவும் கடைக்குத் திரும்பி வந்ததும் நம் வீட்டு வசதியெல்லாம் போய்விட்டது, பாருங்கள் என்று அப்பா அம்மா இருவரிடமும் முறையிட்டேன். அப்பா ரசத்தை இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொல்லிக் குனிந்துகொண்டார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை.