கொடிமலைக்குப் போகிறவர்களிடம் கேட்காத கேள்வி

நான் முகம் பார்த்திராத ஒருவர் தினமும் விடிவதற்கு முன் என்னை அழைத்து, இருட்டுக்குள் ஒரு மலை எப்படி இருக்கிறது என்று சொல்வார். பினாங்குக்கு வந்து இரண்டு வருடமாகியும் எனக்கு இது பழகவில்லை. அவர் பெயர் பாக் மாட். கொடிமலையின் உச்சியில் ஒரு பழைய பங்களாவுக்குக் காவலாளி. சரியாக ஆறு மணிக்குத் தொலைபேசி அடிக்கும். "புவான், காற்று இல்லை. மூடுபனி பெரிய மரம் வரைக்கும் இறங்கியிருக்கிறது. தவளை கத்தவில்லை," என்று மலாயில் ஆறுதலாகச் சொல்வார். புவான் என்றால் அம்மணி. மகள் விழித்துவிடக் கூடாதே என்று நான் விளக்கைப் போடாமல், சமையலறை வெளிச்சத்தில் எழுதிக்கொள்வேன். என் கணவர் மலை நடப்போர் சங்கம் ஒன்றின் செயலாளர். சங்கத்துக்குத் தனியாகத் தொலைபேசி கிடையாது. ஆகவே டத்தோ கிராமாட்டில் எங்கள் வீட்டு எண்ணைத்தான் எல்லாருக்கும் கொடுத்திருந்தார். ஆறரை மணியிலிருந்து காட்டுப் பாதைகளால் ஏறப் போகிறவர்கள் ஒவ்வொருவராக அழைப்பார்கள். பாக் மாட் சொன்னதை நான் ஆங்கிலத்தில் திருப்பிச் சொல்வேன்.

மலையே இல்லாத யாழ்ப்பாணத்தில் பிறந்தவள் நான். அங்கே வானம் முழுவதும் ஒரே பார்வையில் தெரியும். மழை வருகிறதென்றால் கொடியில் கிடக்கிற உடுப்பை எடுத்து மடிக்கவும் நேரமிருக்கும். இங்கே மழை மலைக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டிருக்கும். அதிலும் மார்ச் மாதம், வறண்ட நாட்கள் முடிகிற நேரம், காலை கழுவிவைத்த கண்ணாடி போல இருக்கும். இரண்டு மணிக்கு மலை இருந்த இடத்தில் மலை இருக்காது.

தொலைபேசிக்குப் பக்கத்தில் ஒரு கொப்பி. பெயர், எத்தனை பேர், எந்த வழி, எப்போது இறங்குவார்கள் என்று கணவர் கோடு போட்டு வைத்திருந்தார். வழியைக் கேட்பதுதான் என்னால் முடியவில்லை. புறப்படுகிற ஒருவரை எங்கே போகிறாய் என்று கேட்கக் கூடாது என்பது எங்கள் வீடுகளில் பாலோடு ஊட்டப்பட்டது. இந்த ஊரிலோ அது ஒரு வணக்கம். அடுத்த வீட்டு மலாய்க்காரப் பெண் நான் படலையைத் திறந்தாலே, "பெர்கி மானா?" என்று சிரிப்பாள். எங்கே போகிறாய் என்று அர்த்தம். வந்த புதிதில் நான் உடனே திரும்பி வீட்டுக்குள் போய்விடுவேன். சிறிது நேரம் கழித்து வெளியே வந்தால் மறுபடியும் கேட்பாள். ஒரு நாள் இப்படி மூன்று முறை நடந்து, சந்தைக்கே போகாமல் இருந்துவிட்டேன். எனக்கு அவளைப் பிடிக்கவில்லை என்று அவள் நினைத்திருக்கிறாள் என்பது பின்னால்தான் தெரிந்தது.

பயத்துக்குக் காரணம் இருந்தது. எனக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்த நாட்களில், ஒரு காலை தம்பி சைக்கிளை வெளியே எடுத்தான். பத்தொன்பது வயது. நான் முற்றத்தில் நின்று, நினைக்காமலே, "எங்கயடா போறாய்?" என்று கேட்டுவிட்டேன். "இதிலதான் அக்கா, இப்ப வந்திடுவன்," என்றான். அவன் வரவில்லை. அந்த வருடங்களில் எங்கள் ஊரில் பல வீடுகளில் பிள்ளைகள் அப்படித்தான் போனார்கள். என் கேள்விக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று படித்த மூளைக்குத் தெரியும். ஆனால் நான்காம் நாள் அம்மா அடுப்படியில் இருந்தபடி, என்னைப் பாராமல் சொன்னார்: "போற பிள்ளையை எங்க எண்டு கேட்பியோ?" அதன் பிறகு அதைப் பற்றி வீட்டில் ஒருவரும் பேசவில்லை.

ஆகவே கொப்பியில் வழிக்கான கட்டத்தில், யாரையும் கேட்காமலே, 'வழக்கமான வழி' என்று நானாகவே எழுதினேன். பெரும்பாலானவர்கள் பூந்தோட்டப் பக்கமிருந்து ஏறும் பெரிய பாதையால்தான் போவார்கள். மாலையில் இறங்கியதும் அழைத்துச் சொல்வார்கள். நான் சரி போடுவேன். ஒரு வருடம் ஒரு பிழையும் வரவில்லை. கொப்பி மிக அழகாக இருந்தது.

அந்தப் புதன்கிழமை பாக் மாட்டின் குரல் வழக்கத்தைவிட விழித்திருந்தது. "புவான், இன்றைக்குக் கடலுக்கு அந்தப் பக்கம் புக்கிட் மெர்தாஜாம் விளக்கெல்லாம் கைக்கெட்டுகிற மாதிரித் தெரிகிறது. இப்படித் தெளிந்தால் பெரிய மழை வரும். எனக்குப் பிடிக்கவில்லை. பன்னிரண்டு மணிக்கு முன்னால் எல்லாரையும் இறங்கச் சொல்லுங்கள்." இளைப்பாறிய பள்ளிக்கூட ஆசிரியர் மிஸ்டர் லிம் அழைத்தபோது அதைச் சொன்னேன்.

"பதினொரு மணிக்கே வந்துவிடுவேன் லா. பயப்படாதீர்கள்," என்றார். பிறகு சற்று நேரம் வைக்காமல் இருந்தார். நானும் பேசாமல் இருந்தேன். மகள் என் இடுப்பில் இருந்து வயரை இழுத்தாள். "ஓகே, அவ்வளவுதானே?" என்று கேட்டார். "அவ்வளவுதான்," என்றேன்.

இரண்டு மணிக்கு எங்கள் வரவேற்பறையில் விளக்குப் போட வேண்டியிருந்தது. மலை போய்விட்டது. இடி விழும்போதெல்லாம் தொலைபேசி ஒருமுறை கிணுங்கி நின்றது. எடுத்தால் கம்பிக்குள் தண்ணீர் ஓடுவதுபோல ஒரு இரைச்சல் மட்டும். மூன்றாம் முறை திருமதி லிம்மின் குரல் வந்தது. "அவர் இன்னும் வரவில்லை. உங்களிடம்தான் எல்லாம் சொல்லிவிட்டுப் போவார்." நான் கணவருக்கு அழைத்துச் சொன்னேன்.

நான்கு மணியளவில் பாக் மாட். அவர் மாலையில் அழைத்ததே கிடையாது. "யாரோ கூப்பிடுகிறார்கள், புவான். தண்ணீர்க் குழாய் போகிற பள்ளத்துக்குள் இருந்து. மூன்று முறை கேட்டேன். அந்தப் பக்கம் யாரும் போவதில்லை. உங்கள் புத்தகத்தில் யாராவது அந்த வழியால் போயிருக்கிறார்களா?"

கொப்பி திறந்தே கிடந்தது. "மிஸ்டர் லிம் இறங்கவில்லை," என்றேன்.

"எந்த வழி?"

"வழக்கமான வழி என்று இருக்கிறது."

இருக்கிறது என்றேன். எழுதியிருக்கிறேன் என்று சொல்லவில்லை.

மழைச் சத்தத்துக்குள் நானும் அந்தக் குரலுக்குக் காது கொடுத்தேன். "அப்படியென்றால் இது அவர் இல்லை," என்றார். "காட்டில் யாரென்று தெரியாத குரலுக்கு நாங்கள் பதில் கொடுக்க மாட்டோம், புவான். பதில் கொடுத்தால் கிட்டே வரும்." தொலைபேசியை வைத்துவிட்டார். பிழை செய்துவிட்டேனா, அவரை மறுபடி அழைக்கலாமா என்று யோசித்து, அழைத்து என்ன சொல்வது என்று யோசித்து, கடைசியில் எண்ணைச் சுழற்றியபோது இணைப்பு இறந்திருந்தது.

கணவரும் சங்கத்தாரும் பெரிய பாதையில் தேடிவிட்டு, இருட்டும்போது நனைந்து திரும்பினார்கள். அவர் கொப்பியைப் புரட்டினார். "வழக்கமான வழி, வழக்கமான வழி... என்ன, ஒருத்தர்கூட வேற ஜாலான்ல போகலையா?"

"நான் கேட்கிறதில்லை," என்றேன். "நானாகத்தான் எழுதினேன்."

"ஒரு வருஷமாவா?"

தலையை ஆட்டினேன். தம்பியைப் பற்றி அவருக்குத் தெரியும். கேள்வியைப் பற்றி அன்றுதான் சொன்னேன். பாக் மாட் கேட்ட குரலைப் பற்றியும் சொன்னேன். அவர் கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு மற்றவர்களைத் தேடிப் போனார். விடிந்ததும் குழாய்ப் பாதையால் ஏறி, ஏழரை மணிக்குள் மிஸ்டர் லிம்மைக் கண்டுபிடித்தார்கள். கால் எலும்பு முறிந்து, இரவு முழுவதும் ஈரத்தில் கிடந்திருந்தார். உயிர் இருந்தது.

பழங்கள் வாங்கிக்கொண்டு மருத்துவமனைக்குப் போனேன். செங் பெங் நெருங்கிக்கொண்டிருந்தது, சீனர்கள் முன்னோர் கல்லறையைத் துப்புரவு செய்யும் காலம். அவருடைய தாயாரின் கல்லறை அந்தச் சரிவில் இருந்தது. வருடத்தில் ஒருமுறை மட்டும் அந்த வழி. "நீங்கள் கேட்பீர்கள் என்று பார்த்தேன். கேட்கவில்லை. தேவையில்லையாக்கும் என்று நினைத்தேன்," என்றார். அதில் குற்றச்சாட்டே இல்லை. பாக் மாட்டின் பேச்சு வந்தபோது, "அவர் டோர்ச் அடித்ததைக்கூடப் பார்த்தேன். பிறகு ஏன் அணைத்தார் என்று தெரியவில்லை," என்றார். திருமதி லிம்தான் தோடம்பழத்தை உரித்தபடி சொன்னார்: "வானிலையை அவர் ஜன்னலிலேயே பார்த்துக்கொள்வார், மிஸஸ். உங்களை அழைப்பது யாராவது ஒருவருக்குத் தெரிந்திருக்கட்டும் என்றுதானே."

மிஸ்டர் லிம்மால் இனி மலை ஏற முடியாது. அந்த வேலையை விட்டுவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். விட்டால் யார் கேட்பார்கள்? இப்போது ஒவ்வொருவரையும் கேட்கிறேன். எந்த வழியால் போகிறீர்கள், எந்த வழியால் திரும்புவீர்கள். கேட்கும்போது நெஞ்சு இன்றைக்கும் அடித்துக்கொள்கிறது. ஆகவே அதோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொண்டேன். சகுனம் பிழைத்தால் எங்கள் ஊரில் செய்வது அது. "புறப்படுமுன் இரண்டு நிமிடம் உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் போங்கள்." அதை மலைக்கான அறிவுரை என்று எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். சப்பாத்தும் பையுமாக, சீனரும் மலாய்க்காரரும் வெள்ளைக்காரரும் இந்தத் தீவின் வீடுகளில் விடியுமுன் கதிரைகளில் உட்கார்கிறார்கள், ஏனென்று தெரியாமல். "நல்ல டிப் லா," என்கிறார் கணவர்.

இன்று காலை ஒரு இளைஞனின் குரல், புதியவன். குழாய்ப் பாதை என்றான். எழுதினேன். தண்ணீர் குடிக்கச் சொன்னேன். "இப்பவேயா?" என்று கேட்டான். "இப்பவே, நான் வைக்க மாட்டேன்," என்றேன். ஜன்னலுக்கு வெளியே இன்னும் மலை தெரியவில்லை. ஒரு கதிரை இழுபடுகிறது, பிறகு தொண்டைக்குள் தண்ணீர் இறங்குகிற சத்தம், மிகக் கிட்டத்தில்.