சந்தெல்லாம் பொறுப்பு, பதில் சொல்ல ஒருத்தி

பால்வாடி டீச்சர் வேலைக்கு பி.ஏ. பட்டத்தைவிட அவசியமானது, நாலு பிள்ளைகள் ஒரே சமயத்தில் பிடித்துத் தொங்கினாலும் கிழியாத சேலைத் தலைப்பு. இதைப் படிக்கிறவர்களில் சின்னப் பிள்ளைகளோடு மல்லுக்கட்டிச் சம்பளம் வாங்குகிறவர்கள் இருந்தால் இந்நேரம் தலையாட்டியிருப்பீர்கள்.

பம்பாயில் நான் தினமும் மாட்டுங்காவிலிருந்து ரயில் பாலத்தைக் கடந்து தாராவிக்கு நடக்கிறேன். மாதர் சங்கம் ஒன்று அங்கே பால்வாடி நடத்துகிறது. தகரக் கூரை போட்ட ஒற்றை அறை, ஒரு கரும்பலகை, ஒரு ஆயா, நான். பிள்ளைகளைப் பெற்றவர்கள் பெரும்பாலும் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் பதனிடும் ஷாப்புகளில் வேலை செய்ய வந்தவர்கள். எனக்கோ வாய் திறந்து பேச வராது. காலேஜில் நான் சொன்ன ‘ப்ரசென்ட்’ காதில் விழாமல் பலமுறை ஆப்சென்ட் போட்டிருக்கிறார்கள்.

இரண்டு வார்த்தைகள்

வேலையில் சேர்ந்த அன்று சங்கத்தின் மேற்பார்வையாளர் சுலோசனாபாய் என்னை உட்காரவைத்து இங்கிலீஷில் விதிகளைச் சொன்னார். கஞ்சி போட்ட பருத்திப் புடவை, கறாரான குரல். பிள்ளைகளுக்கு நான் ரெஸ்பான்சிபிள், ஆனால் அதோடு முடியவில்லை, அக்கவுண்டபிளும் நான்தான் என்றார். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கத் தோன்றியது. கேட்கத் தோன்றுவதற்கும் கேட்பதற்கும் நடுவில் எனக்கு எப்போதும் ஒரு கடல் இருக்கும். தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

சாயங்காலம் அப்பாவிடம் கேட்டேன். அப்பா ரயில்வே ஆபீஸில் குமாஸ்தா. இங்கிலீஷ் வார்த்தைகளின் குணம் தெரிந்தவர். பேப்பரை மடித்து வைத்துவிட்டுச் சொன்னார்: “வேலை வாங்கறச்சே முதல் வார்த்தையைச் சொல்லுவா. மெமோ குடுக்கறச்சே ரெண்டாவதைச் சொல்லுவா. அவ்வளவுதான்.”

யாருடைய பிள்ளை

பிள்ளையைப் பெற்றவரிடம் மட்டுமே ஒப்படைக்க வேண்டும் என்பது சங்கத்தின் விதி. முதல் வாரமே பாத்துமா அக்கா வந்தாள். கனத்த உடம்பு, வெற்றிலை வாய், அறைக்குள் நுழைந்ததுமே பிள்ளைகளெல்லாம் அவள் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். தன் மகளைக் கூப்பிட்டாள். கூடவே முருகனையும் செல்லத்துரையையும் ஜெய்னம்புவையும் இன்னும் இரண்டு மூன்று பேரையும் கூப்பிட்டாள். கோழி தன் குஞ்சுகளை ஓட்டிக்கொண்டு போவதுபோல வாசலுக்குப் போய்விட்டாள்.

நான் ஓடிப்போய் வழியை மறித்தேன். அவரவர் அம்மா வந்தால்தான் அனுப்புவேன் என்று சொன்னேன். சொன்னது எனக்கே சரியாகக் கேட்கவில்லை. அவள் குனிந்து, காதைக் கிட்டே கொண்டுவந்து, இன்னொரு தரம் சொல்லச் சொன்னாள். கேட்டதும் கோபப்படவில்லை. பாவம் புதுசு என்கிற மாதிரி என் தோளைத் தட்டினாள்.

“அம்மைக்காரியெல்லாம் ஷாப்புல நிக்காளுவ டீச்சர். நாளைக்கு நான் நிப்பேன், அவளுவள்ல ஒருத்தி வருவா. எங்க சந்துல பெத்தது ஒருத்தியா இருக்கும், கூட்டிட்டுப் போறது ஒருத்தியா இருக்கும். வழிய விடுங்க, பிள்ளைக்குப் பசிக்கி.”

பால் கொட்டிய கதை

மத்தியானம் பால் பவுடரைக் கரைத்து எல்லோருக்கும் ஒரு டம்ளர் கொடுப்போம். ஒருநாள் நான் ஆயாவோடு பேசிவிட்டுத் திரும்புவதற்குள் ஒரு பாத்திரம் பாலும் தரையில் ஓடிக்கொண்டிருந்தது. யார் கொட்டியது என்று கேட்டேன். டீச்சர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, இந்தக் கேள்விக்கு இரண்டே விதமான பதில்தான் உண்டு. ஒன்று ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். இல்லையென்றால் பரிசு கொடுக்கப் போகிறோம் என்று நினைத்து எல்லோரும் கையைத் தூக்குவார்கள். அன்று எல்லோரும் தூக்கினார்கள்.

ஜெய்னம்பு மட்டும் தூக்கவில்லை. நாலு வயது; காதில் வேப்பங்குச்சி, எந்நேரமும் ஒரே பச்சைக் கவுன். மூலையில் கிடந்த துணியை எடுத்துவந்து, “நான் கொட்டல டீச்சர், நான் தொடைக்கேன்” என்று சொல்லி உட்கார்ந்து துடைக்க ஆரம்பித்தாள். பக்கத்தில் நின்ற செல்லத்துரைக்கு அது மானப் பிரச்சினையாகிவிட்டது போலிருக்கிறது. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சொன்னான்:

“நாந்தான் கொட்டுனேன். ஆனா தொடைக்க மாட்டேன்.”

மேற்பார்வை

சுலோசனாபாய் சொல்லாமல் கொள்ளாமல் ஒருநாள் வந்தார். சரியாகப் பாத்துமா அக்கா தன் படையோடு வெளியேறுகிற நேரம். இந்த அம்மாள் எத்தனை பிள்ளைகளுக்குத் தாய் என்று கேட்டார். நான் புடவைத் தலைப்பைத் திருகினேன். அந்தச் சந்தின் வழக்கத்தை விளக்க நல்ல நல்ல வாக்கியங்கள் மனசில் வந்தன. ஒன்றுகூட வெளியே வரவில்லை.

சங்கத்தில் சிலருக்கு இந்தப் பால்வாடி இருப்பதே பிடிக்கவில்லை என்றும், ஒரு பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் மறுநாளே பூட்டிவிடுவார்கள் என்றும் சொன்னார். மிரட்டுகிற தொனி இல்லை. அவருக்கும் அந்தக் கவலை இருந்தது. புறப்படும்போது இந்தியில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்: “உனக்குப் பிள்ளைகள்மேல் பிரியம் இருக்கிறது, தெரிகிறது. ஆனால் என்றைக்காவது ஒரு தாய் உன் எதிரில் வந்து நின்றால், பிரியமா வாயைத் திறந்து பேசும்?”

மழை

அந்த நாளும் வந்தது. பம்பாய் மழையைப் பற்றி நான் எழுதவேண்டாம்; நனையாதவர்கள் யாரும் இதைப் படிக்கப்போவதில்லை. மத்தியானத்துக்குள் தண்ணீர் வாசற்படியைத் தொட்டுவிட்டது. தலையில் கோணியைப் போட்டுக்கொண்டு பெண்கள் முன்கூட்டியே வந்து, கைக்கு அகப்பட்ட பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஜெய்னம்புவின் கையை நான்தான் பாத்துமா அக்காவின் கையில் கொடுத்தேன்.

சாயங்காலம் ஆயாவும் நானும் அறைக்குள் வந்த தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டிருந்தோம். ஜெய்னம்புவின் அம்மா மைதீன் பீவி வந்தாள். ஷாப்பில் ஆட்டு ரோமம் பிரிக்கிறவள், அதிகம் பேசாதவள். வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். பிள்ளை அங்கே இல்லை.

அவள் பின்னாலேயே பாத்துமா அக்கா ஓடிவந்தாள். சாக்கடை பொங்கிய இடத்தில் இடுப்பில் ஒன்று, தோளில் ஒன்றாகத் தூக்கவேண்டியிருந்ததால், எதிரே வந்த அதே சந்துக்காரி பேச்சியிடம் ஜெய்னம்புவைக் கொடுத்தாளாம். பேச்சியைக் கூட்டிவந்தார்கள். குழாயடியில் குடையோடு ஒரு பொம்பளை நின்றாளாம், பிள்ளையே “பெரியம்மா” என்று ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டதாம், சொந்தக்காரி என்று நினைத்து இவள் விட்டுவிட்டாளாம். தாராவியில் பிள்ளைகளுக்கு எல்லாப் பொம்பளைகளும் பெரியம்மாதான். குடைக்காரி யாரென்று ஒருவருக்கும் தெரியவில்லை.

கூட்டம் சேர்ந்துவிட்டது. பாத்துமா அக்கா, என் பொறுப்பு, நான் தேடிக் கொண்டுவாரேன் என்றாள். பேச்சி, இல்லை என் பொறுப்பு என்று அழுதாள். ஷாப்பிலிருந்து வந்த ஆண்கள் கம்பை எடுத்துக்கொண்டு நாலாப் பக்கம் போனார்கள். கம்பு எதற்கென்று யாரும் கேட்கவில்லை. பொறுப்பு என்று சொல்லாதவர் ஒருவர்கூட அங்கே இல்லை. மைதீன் பீவி அவர்கள் யாரையும் பார்க்கவில்லை. ஈர முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு என் எதிரில் வந்து நின்றாள்.

“எம் புள்ளைய நான் ஒங்ககிட்டதான் விட்டேன்.”

பெயர் கூப்பிட்டது

“ஆமா, என்கிட்டதான் விட்டீங்க” என்றேன். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவளோடு தண்ணீரில் இறங்கினேன்.

இந்தச் சந்துகளில் ஒரு வழக்கம் உண்டு. அடுத்த வீட்டுப் பிள்ளை நம் வீட்டில் தூங்கிவிட்டால் அதன் சட்டையை வாசலில் தொங்கப்போட்டுவிடுவார்கள். தேடி வருகிறவர்கள் கதவைத் தட்டக்கூட வேண்டாம். நாங்கள் வீடு வீடாகப் பச்சைக் கவுனைத் தேடிக்கொண்டு போனோம். மழையில் எந்த வாசலிலும் ஒரு துணியும் தொங்கவில்லை. சாரலுக்குப் பயந்து கதவுகளும் சாத்தியிருந்தன.

வேறு வழி தெரியாமல் கூப்பிட ஆரம்பித்தேன். முதலில் சத்தம் பல்லைத் தாண்டவில்லை. மைதீன் பீவி என் கையைப் பிடித்திருந்த பிடியில் வளையல் உடைந்தது. அப்புறம் எங்கிருந்து வந்ததோ, காலையில் வகுப்பில் பெயர் கூப்பிடுகிற மாதிரியே, ஆனால் தகரக் கூரையில் விழும் மழையை மீறி, “ஜெய்னம்பு” என்று கத்தினேன். நாலைந்து சந்து தாண்டி, ஒரு பலகைக் கதவுக்குப் பின்னாலிருந்து, தூக்கக் கலக்கத்தில் ஒரு குரல், “உள்ளேன் டீச்சர்” என்றது.

கதவைத் திறந்தவள் ராமலட்சுமி; குழாயடியில் நின்ற குடைக்காரி இவள்தான். ஊரிலிருந்து வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. நனைந்த பிள்ளையைத் துவட்டி, தன் மகனின் சட்டையை மாட்டி, சோறு ஊட்டிப் படுக்கவைத்திருக்கிறாள். பச்சைக் கவுன் அடுப்புக்கு மேலே கயிற்றில் காய்ந்துகொண்டிருந்தது. மைதீன் பீவி பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டு மழையில் போய்விட்டாள். ராமலட்சுமிக்கு அப்போதுதான் விஷயம் விளங்கி, முகம் வெளுத்துவிட்டது.

“வாசல்ல போடத்தான் எடுத்தேன் டீச்சர். மழைல போட்டா, பச்சப்பிள்ள நாளைக்கு ஈரச் சட்டையையா மாட்டிட்டு வரும்?”

தொலைத்தவர்கள்

மறுநாள் ஜெய்னம்பு வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. மற்றவர் சொல்லித் தெரிவதற்குள் நானே சுலோசனாபாய் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. அந்தத் தாய் பிள்ளையை மறுபடி அனுப்பினால் சங்கத்தில் தான் பேசுவதாகவும், அனுப்பாவிட்டால் பேசத் தன்னிடம் ஒன்றும் இல்லை என்றும் சொன்னார்.

விசாரிக்க அவர் வந்தபோது வாசலில் பெண்கள் கூட்டமாக நின்றிருந்தார்கள். டீச்சர் வேலை போய்விடும் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். பாத்துமா அக்கா தன் பம்பாய் இந்தியில், பிள்ளையைத் தொலைத்தது தான்தான் என்றாள். பேச்சி அவளைத் தள்ளிவிட்டு முன்னால் வந்தாள். ராமலட்சுமிக்கு இந்தி தெரியாது. தன் நெஞ்சைத் தொட்டுத் தொட்டுக் காட்டினாள். என் ஆயாகூட, நடந்ததில் சம்பந்தமே இல்லாதவள், தானும் கொஞ்சம் தொலைத்ததாகச் சொன்னாள். எல்லோரையும் தாண்டிக் கேட்கும்படி, “இவங்க யாரும் இல்லை சுலோசனாபாய், பதில் சொல்லவேண்டியவள் நான்தான்” என்றேன். சுலோசனாபாய் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சிரிப்பை மறைக்கத்தான் என்பது என் ஊகம்.

“ஒரு குழந்தையைத் தொலைக்க இத்தனை பேரா?”

ஒப்படைப்பு

அடுத்த திங்கட்கிழமை வாசலில் ஒரு பச்சைக் கவுன் தெரிந்தது. மைதீன் பீவி பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே வராமல் நின்றாள். வருத்தம் தெரிவிக்கவேண்டும் என்று நான் வாரம் முழுக்க ஒத்திகை பார்த்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோனது. ஜெய்னம்பு அதற்குள் என் தலைப்பைப் பிடித்தாகிவிட்டது.

மைதீன் பீவி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அப்புறம் வழக்கத்துக்கு மாறாக நீளமாகவே பேசினாள்.

“அன்னைக்கு வேற யாரு பேரையாவது சொல்லித் தப்பிச்சுக்கிடுவீயளோன்னு பாத்தேன். சொல்லல. இந்தாங்க, இன்னைக்கும் ஒங்ககிட்டதான் விடுதேன்.”

இப்போதும் பாத்துமா அக்காதான் படையைக் கூட்டிப் போகிறாள். ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் எனக்குக் கேட்கும்படி உரக்கச் சொல்லிவிட்டுத்தான் படி இறங்குகிறாள் என்பது மட்டும் புதுசு. ஒரு பிள்ளைக்குப் பொறுப்பாக ஒரு சந்தே திரண்டு நிற்கலாம், ஆனால் பதில் சொல்லும் இடம் ஒரு ஆள் மட்டும் நிற்கிற அகலம்தான், அதிலும் கூரை ஒழுகும்.