இடப்பக்கம் போன கார்

எழுபதுகளின் நடுவில் மெல்பேர்னிலிருந்து நானும் கணவரும் இத்தாலிக்குச் சுற்றுலா போனோம். காலையில் ஒரு மலைக்கிராமத் தேவாலயத்தில் சுவரோவியங்களைப் பார்த்துவிட்டு, மதியம் திராட்சைத் தோட்டமொன்றில் சாப்பிட்டோம். இரண்டு கிளாஸ் வைன் குடித்த கணவர், "எனக்கு ஒண்டும் செய்யாது, ஏறும்" என்று வாடகைக் காரை எடுத்தார்.

இத்தாலியில் வலப்பக்கமாக ஓட்டவேண்டும்; அவரோ ஊர்ப் பழக்கத்தில் இடப்பக்கமாகவே ஓட்டினார். ஓவியங்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த நானும் கவனிக்கவில்லை. வளைவில் ஒரு டிராக்டர் நேரெதிரே வந்தது. அதை ஓட்டிவந்த விவசாயி சட்டென்று வயலுக்குள் திருப்பியதால் பிழைத்தோம். அவருடைய திராட்சைக் கூடைகள் கவிழ்ந்து கிடந்தன.

அவர் திட்டவில்லை. எங்களை வீட்டுக்கு அழைத்துப் போனார். அவர் மனைவி கோப்பி தந்தார். கணவருக்கு வைன் தெளியட்டும் என்று மாலைவரை எங்களை இருக்கவைத்துத்தான் அனுப்பினார்கள். பாஷை தெரியாததால் கைகூப்பி நன்றி சொன்னோம்.

மெல்பேர்ன் திரும்பியதும் கார் ஓட்டப் பழகினேன். இப்போது எந்த விருந்துக்குப் போனாலும், திரும்பும்போது நான்தான் ஓட்டுகிறேன்.