பொடியெழுத்து அக்கா

“முகக்கவசத்துக்குள்ள கொட்டாவி விட்டா எனக்குத் தெரியாதுன்னு நினைக்காதீங்க தம்பி. காது ரெண்டும் முன்னால வருது.”

இதைச் சொல்லிவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாலாவது பரவாயில்லை. அக்கா அந்தப் பத்தியின் தலைக்கே போய் மறுபடி ஆரம்பிப்பார். எதிரில் இருப்பவர் கொட்டாவி விட்டால் அதுவரை வாசித்தது செல்லாது. கையில் பூதக்கண்ணாடி, மேசையில் கப்பல் நிறுவனத்தின் நிபந்தனைத் தாள்கள் நான்கு, இரண்டு பக்கமும் எறும்பு ஊர்ந்த மாதிரி அச்சு. ஒரு பத்தியை வாசிப்பார், அதற்குத் தன் பேச்சில் ஒரு விளக்கம் கொடுப்பார், பிறகு “புரிஞ்சுதா? புரிஞ்சா ஒரு டிக் போடுங்க” என்று பென்சிலை நீட்டுவார். பேனா தரமாட்டார். “பேனாவுல போட்டா போட்டதுதான். பென்சில்னா அழிச்சுட்டு மறுபடி கேக்கலாம்ல?” இதுவரை ஒருவரும் அழித்துவிட்டு மறுபடி கேட்டதில்லை. கேட்கிற அளவுக்கு யாருக்குப் பொறுமை?

சாவி வெட்டுகிற கடைக்கு மேல், குறுகலான படி ஏறிப் போனால் அந்தப் பயணச்சீட்டு அலுவலகம். தொற்றுக் காலத்தில் ஐந்து மேசைகளில் மூன்றுக்கு உறை போட்டு மூடிவிட்டார்கள். தரையில் தள்ளித் தள்ளி மஞ்சள் வட்டங்கள். வருகிறவர்கள் அதற்குள்தான் நிற்க வேண்டும். சுவரில் கப்பல் படம்: ஒன்பது அடுக்கு, மொட்டை மாடியில் நீச்சல் குளம், குளத்துக்குள் சிரிக்கிற ஒரு குடும்பம். வருகிறவர்கள் அந்தக் குளத்தைப் பார்த்து மயங்கித்தான் வருகிறார்கள். அவர்களை உட்காரவைத்து, குளத்தில் வழுக்கி விழுந்தால் யார் பொறுப்பு என்று ஒன்பதாவது பத்தியிலிருந்து வாசித்துக் காட்டினால் எந்த மனிதருக்குத்தான் பிடிக்கும்? பொடியெழுத்து அக்கா என்ற பெயர் அப்படித்தான் வந்தது. முதலாளி வைத்ததா, வாடிக்கையாளர் வைத்ததா என்று தெரியாது. அக்காவுக்கு அந்தப் பெயரில் கோபமும் இல்லை, பெருமையும் இல்லை.

இருபத்திரண்டு வருடமாகக் கப்பல் பயணம் விற்கிறவர் ஒரு தடவையும் கப்பலில் ஏறியதில்லை. பஸ்ஸில் ஏறினாலே இரண்டாவது நிறுத்தத்தில் வயிற்றைப் புரட்டும். கைப்பையில் எப்போதும் ஓர் எலுமிச்சம்பழம், முகர்ந்து பார்க்க. “கடலைப் பார்க்காமலே கப்பலைப் பத்திப் பேசுறீங்களே” என்று யாராவது கிண்டல் செய்தால், “நான் எங்கே கடலைப் பத்திப் பேசினேன்? நீங்க கையெழுத்துப் போடுற காகிதத்தைப் பத்தித்தானே பேசுறேன்” என்பார்.

அந்த அலுவலகத்தில் யாரும் கன்னத்தில் கை வைக்கக் கூடாது. அது அக்காவின் சட்டம். வாசலில் காத்திருக்கும் பெரியவர் அசதியில் கை வைத்தால்கூட, “ஐயா, கையை எடுங்க. இது கப்பல் ஆபீஸ்” என்று சத்தம் வரும். வீட்டிலும் இதே கதைதான். மருந்து அட்டை, பிஸ்கட் உறை, எதுவும் அவர் வாசிக்காமல் பிரியாது. “கல்யாணத்தைப் பதிவு பண்றப்ப கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி அரை மணி நேரம் படிச்சா. எனக்கு வேர்த்துப் போச்சு” என்று அவர் வீட்டுக்காரர் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

தொற்று வருவதற்கு முன், ரத்து செய்வதைப் பற்றி ஒருவரும் கேட்டதில்லை. வந்த பிறகு அதைத் தவிர வேறு எதையும் ஒருவரும் கேட்கவில்லை. முதல் அலை ஓய்ந்ததும் கப்பல் நிறுவனம் ஒரு விளம்பரம் விட்டது. கொஞ்சம் முன்பணம் கட்டினால் போதும், மீதியைக் கிளம்புகிற வாரத்துக்கு முன் கட்டலாம், நாற்பத்தெட்டு மணி நேரத்துக்கு முன்வரை அபராதமில்லாமல் ரத்து செய்யலாம். ‘நெகிழ்வான பயணத் திட்டம்’ என்று தலைப்பு, கை அகல எழுத்தில். அக்கா விளம்பரத்தை மேலும் கீழும் பார்த்தார். “பெரிய எழுத்துல இவ்வளவு நெகிழுறானே, சின்ன எழுத்துல எங்கே இறுக்கியிருக்கான்னு பார்ப்போம்” என்று பூதக்கண்ணாடியைத் துடைத்தார்.

முகக்கவசத்துக்குள் கொட்டாவி விட்டு மாட்டிக்கொண்டவர் அந்தத் திட்டத்தில் பதிவு செய்ய வந்த பள்ளி வேன் ஓட்டுநர். கல்யாணமாகி இருபத்தைந்து வருடம் ஆகிறது, வீட்டுக்காரியை ஓரிடத்துக்கும் கூட்டிப் போனதில்லை, ஆறு நாள் கப்பலில் கூட்டிப் போகலாமென்று ஆசை. அந்த அம்மா பள்ளிச் சீருடை தைப்பவர். அவர் அன்று முழுக்கச் சுவரில் இருந்த நீச்சல் குளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஓட்டுநர் ஐந்தாம் பத்திவரை பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். அதற்கப்புறம் அக்கா சொல்லச் சொல்லப் பென்சிலால் வரிசையாக டிக் அடித்துக்கொண்டே போனார். காது வேறெங்கோ இருந்தது.

மீதிப் பணத்தையும் கட்டி முடித்த மறுவாரம் அடுத்த அலை வந்தது. பள்ளிகள் மறுபடி மூடின. வேனும் நின்றது, தையல் மெஷினும் நின்றது. ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்குக் கப்பல் கிளம்ப வேண்டும். புதன்கிழமை காலையிலேயே ஓட்டுநர் மஞ்சள் வட்டத்துக்குள் வந்து நின்றார்.

“அக்கா, ரத்து பண்ணிடுங்க.”

“பண்ண மாட்டேன்.”

“என்னக்கா இது அநியாயமா இருக்கு? என் டிக்கெட்டு!”

“நாலாவது பத்தி. நீங்க வேண்டாம்னு சொன்னா, பணம் கப்பல்காரன்கிட்டயே நிக்கும். ஒரு வருஷத்துக்குள்ள வேற கப்பல்ல போய்க் கழிச்சுக்கணும். கப்பல்காரனே வேண்டாம்னு சொன்னா முழுசா உங்க கைக்கு வரும். அவன் வாயால வரட்டும்.”

“வரலைன்னா?”

“வெள்ளிக்கிழமை அஞ்சு மணி வரைக்கும் நமக்கு நேரம் இருக்கு. நாலரை வரைக்கும் அவன் வாயைப் பார்ப்போம். அப்பவும் சொல்லலைன்னா நானே எழுதி அனுப்பிடறேன், கழிச்சுக்கிற சீட்டாவது மிஞ்சும். அதுவரைக்கும் நீங்க சும்மா இருங்க. அது ஒண்ணுதான் உங்க வேலை.”

ஓட்டுநர் குரல் தாழ்ந்தது. “கப்பல் சீட்டை வச்சு நான் என்னக்கா பண்ணுவேன்? பணம் கைக்கு வந்தா வேன் சீட்டையெல்லாம் கழட்டிட்டு, தட்டு அடிச்சுக் காய்கறி ஏத்தலாம்னு இருக்கேன். மார்க்கெட்ல ஒருத்தர் சரின்னு சொல்லியிருக்கார். இல்லைன்னா வேனை வித்துட வேண்டியதுதான்.”

ஓட்டுநர் போன பிறகு அக்கா எலுமிச்சம்பழத்தை எடுத்து முகர்ந்தார், பஸ்ஸில் ஏறாமலே. முதலாளி தன் மேசையிலிருந்து, “நமக்கேன் வம்பு? கேட்டதைச் செஞ்சு கொடுத்துட்டுப் போகலாமே” என்றார். அவர் சொன்னதிலும் தப்பில்லை. கப்பல்காரன் வாயைத் திறப்பான் என்று எந்தப் பத்தியிலும் எழுதியிருக்கவில்லை. அது அக்காவின் ஊகம்தான். அந்த ஊகத்தின் மேல் ஒரு குடும்பத்தின் வேனை ஏற்றி வைத்திருக்கிறோமே என்ற பயம் அவரைத் தூங்கவிடவில்லை. அடுத்த இரண்டு நாளும் கண் எரிச்சலோடுதான் வேலைக்கு வந்தார்.

வெள்ளிக்கிழமை காலை ஓட்டுநரும் மனைவியும் சேர்ந்து வந்தார்கள். இரண்டு பேருக்கும் ஒரே மஞ்சள் வட்டம். அந்த அம்மாதான் பேசினார்.

“அக்கா, தப்பு பண்ணிட்டேன். நேத்து நானே கப்பல் கம்பெனிக்குப் போன் போட்டேன். இவர் சாப்பிடறதில்லை, தூங்கறதில்லை, பார்க்கச் சகிக்கலை. ரத்துன்னா ரெண்டை அழுத்துன்னு சொல்லுச்சு, அழுத்திட்டேன். ஒரு பொண்ணு பேசுச்சு. ‘சரிங்க மேடம், குறிச்சுக்கிட்டேன்’னு சொல்லுச்சு. இவர்கிட்டயே இப்பத்தான், வர்ற வழியிலதான் சொன்னேன்.”

ஓட்டுநர் நாற்காலியில் உட்கார்ந்து கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். அக்கா அதை எடுக்கச் சொல்லவில்லை.

“மூணு நாள் சும்மா இருன்னு சொன்னேனே! அது ஒண்ணுதானே சொன்னேன்!” என்று கத்தினார். அந்த அம்மாவின் கண் நிறைந்ததைப் பார்த்ததும் குரலை இறக்கி, “சரி, சரி. அழாதம்மா. நனைஞ்சா அந்த முகக்கவசம் எதுக்கும் ஆகாது” என்றார். பிறகு ஃபைலை எடுத்து, நான்கு தாள்களையும் மேசையில் பரப்பி, பூதக்கண்ணாடியை முதல் வரியில் வைத்தார்.

இந்தத் தடவை சத்தமில்லாமல் வாசித்தார். கண்ணாடி வரிவரியாக நகர்ந்தது. பக்கம் திரும்பியது. மூன்றாவது தாளின் நடுவில் நின்றது.

“தம்பி, இங்கே வாங்க. இதைச் சத்தமா வாசிங்க.”

ஓட்டுநர் குனிந்து, எழுத்துக் கூட்டி வாசித்தார். “ஏழு. முகவர் வழியாகப் பதிவு செய்த பயணிகளின் ரத்துக் கோரிக்கை, அந்த முகவர் எழுத்து மூலம் அனுப்பினால் மட்டுமே செல்லும்.”

“முகவர் யாரு?”

“நீங்க.”

“நான் எழுதி அனுப்பினேனா?”

“இல்லை.”

“இதை அன்னைக்கு உங்களுக்கு வாசிச்சேனா இல்லையா?”

“வாசிச்சிருப்பீங்க…”

“பக்கத்துல இருக்கிற டிக் யாரோடது?”

“என்னோடதுதான்க்கா.”

“ஆங்!” என்றார் அக்கா. அந்த ஒரு சொல்லில் இருபத்திரண்டு வருடத்துக் கொட்டாவிகளுக்கும் வட்டி வந்து சேர்ந்தது.

ஆனால் அதோடு முடியவில்லையே. கப்பல்காரன் இன்னும் வாயைத் திறக்கவில்லை. மதியம் போனது. இரண்டு பேரும் வீட்டுக்குப் போகமாட்டோம் என்று படியிலேயே உட்கார்ந்திருந்தார்கள். நாலு மணிக்கு அக்கா ரத்துக் கடிதத்தை எழுதி, அனுப்பாமல் தயாராக வைத்துக்கொண்டார். நாலு இருபதுக்குக் கணினி ‘டிங்’ என்றது. கப்பல் நிறுவனத்தின் கடிதம். ஞாயிற்றுக்கிழமைப் பயணம் நிறுவனத்தால் ரத்து செய்யப்படுகிறது, முழுத் தொகையும் திருப்பித் தரப்படும், பயணிகள் பட்டியல் இணைக்கப்பட்டுள்ளது. அக்காவின் கையால் பதிவானவர்கள் ஒன்பது குடும்பம். பட்டியலில் இருந்தது எட்டு. வேன் ஓட்டுநர் பெயர் இல்லை.

போனை எடுத்தார். நாற்பது நிமிடம் ஒரே பாட்டை மறுபடி மறுபடி கேட்டுக்கொண்டு காத்திருந்தார். ஒருவழியாக ஓர் இளைஞன் குரல் வந்தது.

“மேடம், அவங்க நேத்தே ரத்து பண்ணிட்டதா எங்ககிட்ட இருக்கு. அதனால அவங்களுக்கு வேற பயணத்துல கழிச்சுக்கிற சீட்டுதான், பணம் கிடையாது.”

“உங்க நிபந்தனைத் தாளை எடுங்க தம்பி.”

“எதுக்கு மேடம்?”

“எடுங்க. ஏழாவது பத்தி. வாசிங்க. மனசுக்குள்ள வேண்டாம், எனக்குக் கேக்கணும்.”

அந்தப் பக்கம் முணுமுணுவென்று வாசிக்கும் சத்தம். பிறகு கணினியில் எதையோ தேடித் தட்டுகிற சத்தம். மேசைக்கு இந்தப் பக்கம், படியிலிருந்து உள்ளே வந்த கணவனும் மனைவியும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்கள். முதலாளியும் எழுந்து வந்துவிட்டார்.

“உங்ககிட்டேருந்து எழுத்துல ஒண்ணும் வரலை மேடம்.”

“வரலையா?”

“வரலை. அப்ப அந்த ரத்து செல்லாது. பட்டியல்ல சேர்த்துடறேன்.”

“சேர்த்துட்டுக் கடிதம் அனுப்புங்க. நான் போனை வைக்க மாட்டேன்.”

கடிதம் வந்தது. அதை மேலிருந்து கீழ்வரை வாசித்த பிறகுதான் அக்கா போனை வைத்தார். “அப்பாடா!” என்று ஒரு மூச்சு விட்டார் பாருங்கள், மேசையிலிருந்த தாள் ஒன்று பறந்தது. அந்த அம்மா அழுதுகொண்டே சிரித்தார், சிரித்துக்கொண்டே அழுதார். ஓட்டுநர் “வேன்… வேன்…” என்று வாசல் பக்கம் கையைக் காட்டினார், அங்கே யாரோ அதை ஓட்டிக்கொண்டு போக வந்தவன் திரும்பிப் போய்விட்ட மாதிரி. முதலாளி எல்லோருக்கும் டீ சொன்னார். மஞ்சள் வட்டத்தையெல்லாம் அன்று யார் பார்த்தார்கள்?

பத்து நாள் கழித்து, பணம் வந்ததற்கான ஒப்புகைத் தாளில் கையெழுத்துப் போட ஓட்டுநர் வந்தார். கீழே வேன் நின்றது. சீட்டுகள் இல்லை, பாதித் தட்டு அடித்திருந்தது, அதற்குள்ளேயே வெங்காய மூட்டை ஏறியிருந்தது. ஒரே பக்கத் தாள், அடியில் வழக்கம்போல் பொடி எழுத்து. அக்கா பூதக்கண்ணாடிக்குக் கை நீட்டினார். ஓட்டுநர் முந்திக்கொண்டார்.

“குடுங்கக்கா. இன்னைக்கு நான் வாசிக்கிறேன்.”

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கண்ணாடியைத் தாளின் மேல் வைத்து, ஒவ்வொரு சொல்லாக ஓட்டுநர் வாசித்தார். ஒரு பத்தி முடிந்தால் தானே ஒரு டிக் போட்டுக்கொண்டார். அக்கா நாற்காலியில் சாய்ந்து, கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். மின்விசிறி சுற்றியது. கண்ணில் எரிச்சல் இல்லை. மூன்றாவது பத்தியின் நடுவில் ஓட்டுநர் நிறுத்தி நிமிர்ந்து பார்த்தார்.

“அக்கா.”

“ம்?”

“காது ரெண்டும் முன்னால வருது.”

அக்கா பென்சிலை எடுத்து, அதன் முனையால் அந்தப் பத்தியின் தலையைத் தொட்டுக் காட்டினார்.